மங்கலான மூன்று படங்களும் ஒரு லென்ஸுக்கான சேமிப்பும்

கேள்வி: ஆறு மாதங்களுக்கு முன் பழைய நிக்கான் டி5300 கேமரா ஒன்றை கேமராவோடு சேர்த்தே விற்கப்படும் 18-55 மி.மீ. கிட் லென்ஸுடன் வாங்கினேன். பகல் வெளிச்சத்தில் படங்கள் நன்றாகவே வருகின்றன. மாலையில் வீட்டுக்குள் அக்காவின் இரண்டு குழந்தைகளை எடுத்தால் பெரும்பாலும் மங்கிவிடுகின்றன. ஒரே ஒரு லென்ஸ் வாங்கும் அளவுக்குப் பணம் சேர்த்திருக்கிறேன். 50 மி.மீ. எஃப்/1.8 வாங்கு என்கிறார்கள் சிலர். பறவைகளை எடுக்கவும் ஆசை என்பதால் 70-300 மீதும் ஒரு கண் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் சேர்த்து 18-200 ஒன்றே போதும் என்கிறார் இன்னொருவர். நண்பரோ இருப்பதையெல்லாம் விற்றுவிட்டு ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ்ஸுக்கு (ஒளியைப் பதியும் சென்சார் பெரிதாகவும், உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாமலும் இருக்கும் கேமரா) மாறச் சொல்கிறார். எதை வாங்குவது? முறையாகக் கற்றுக்கொள்ளக் கட்டண வகுப்பில் சேர வேண்டுமா? மாதிரிக்கு மூன்று படங்களை இணைத்திருக்கிறேன்.

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

கேள்வியோடு படங்களையும் அனுப்பினீர்களே, அதற்கு முதலில் நன்றி. எந்த லென்ஸ் வாங்கலாம் என்று கேட்டு எனக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரு படம்கூட இல்லாமல் வருகின்றன. உடம்பு சரியில்லை என்று மட்டும் எழுதி மருந்துச் சீட்டு கேட்பதைப் போன்றது அது. உங்கள் மூன்று படங்களிலும் கேமரா பதிந்துவைத்திருக்கும் விவரம் ஒன்றுதான்: குவியத்தூரம் (லென்ஸ் எவ்வளவு நெருக்கிக் காட்டும் என்பதைச் சொல்லும் எண்) 55 மி.மீ., அபெர்ச்சர் (லென்ஸின் வாய் திறந்திருக்கும் அளவு; எண் சிறிதானால் வாய் அகலம்) எஃப்/5.6, ஷட்டர் வேகம் (ஒளி உள்ளே வரும் நேரம்) 1/15 நொடி, ஐஎஸ்ஓ (ஒளிக்கான உணர்திறன்) 800. ஆனால் மூன்றையும் திரையில் முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பார்த்தபோது, அவை மூன்று வெவ்வேறு காரணங்களால் மங்கியிருப்பது தெரிந்தது. எந்த லென்ஸ் என்ற உங்கள் கேள்விக்கான விடை பெரும்பாலும் அந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

முதல் படத்தில் சிறுமி கைதட்டுகிறாள். அவளுக்குப் பின்னால் கதவின் தாழ்ப்பாளும் அதைப் பிடித்திருக்கும் திருகாணிகளும் எண்ணிவிடலாம் போலத் தெளிவாக இருக்கின்றன. கைகள் மட்டும் பூச்சியின் சிறகைப் போலக் கலங்கியிருக்கின்றன. உங்கள் கை ஆடவில்லை, அவள் அசைந்திருக்கிறாள். இரண்டாவது படத்தில் தெளிவாக இருப்பது எதுவுமே இல்லை. சுவரில் மாட்டிய கண்ணாடியில் தெரியும் விளக்கின் ஒளிப்புள்ளிகூடச் சாய்வான சிறு கோடாக இழுபட்டிருக்கிறது. எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் அசைந்தது கேமரா என்று பொருள். மூன்றாவது படம்தான் சுவாரசியமானது. சிறுவன் உங்களை நோக்கி நீட்டும் பொம்மைக் காரின் சக்கரத்தில் ஒட்டியிருக்கும் தூசிவரை தெரிகிறது, அவன் முகமோ மென்மையாகக் கரைந்து கிடக்கிறது. அங்கே யாரும் அசையவில்லை. ஃபோகஸ் காரின் மேல் விழுந்துவிட்டது.

இந்த மூன்றையும் ஒரே பெயரில் ‘மங்கல்’ என்று அழைத்துவிட்டு லென்ஸ் தேடப் போகும்போதுதான் பணம் வீணாகிறது. இரண்டாவது படத்தின் குறைக்குச் செலவே இல்லை. உங்கள் கிட் லென்ஸ் விஆர் (கை நடுக்கத்தை ஈடுகட்டும் அமைப்பு) வகையாக இருந்து, பக்கவாட்டில் அதற்கான சுவிட்சும் இருந்தால், அது ‘ஆன்’ நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். கையில் பிடித்து எடுக்கும்போது, உங்கள் கேமராவின் சென்சார் அளவுக்கு, குவியத்தூரத்தை 1.5 ஆல் பெருக்கி வரும் எண்ணை ஒன்றுக்குக் கீழே போட்டு ஷட்டர் வேகத்தைக் கணக்கிடுவது பழைய வழக்கம், 55 மி.மீ. என்றால் ஏறக்குறைய 1/80 நொடி. விஆர் இருந்தால் அதைவிட மெதுவாகவும் எடுக்கலாம். ஆனால் விஆர் உங்கள் கையின் நடுக்கத்தை ஈடுகட்டுமே தவிர, கைதட்டும் குழந்தையை நிறுத்திவைக்காது. முதல் படத்துக்கு அதனால் பயனில்லை.

மூன்றாவது படத்தின் குறை கேமராவின் அமைப்பில் இருக்கிறது. ஃபோகஸ் புள்ளியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைக் கேமராவிடமே விட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படி விட்டால் அது பொதுவாகத் தனக்கு மிக அருகில் இருப்பதைப் பற்றிக்கொள்ளும். ஒற்றைப் புள்ளி ஃபோகஸுக்கு மாறி, அந்தப் புள்ளியைக் குழந்தையின் கண்மேல் வைத்து எடுக்கப் பழகுங்கள். புதிய லென்ஸ் வாங்கும் முன் இந்தப் பழக்கம் வந்தாக வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. ஒன்றரை மீட்டர் தொலைவில் 55 மி.மீ., எஃப்/5.6 என்று எடுக்கும்போது தெளிவாகத் தெரியும் ஆழம் சுமார் 16 செ.மீ.; அதே தொலைவில் 50 மி.மீ. லென்ஸை எஃப்/1.8 வரை திறந்தால் அது சுமார் 6 செ.மீ. ஆகச் சுருங்கிவிடும், அதாவது மூக்கு நுனியில் ஃபோகஸ் விழுந்தால் காது போய்விடும். பதினாறு சென்டிமீட்டரிலேயே தவறிய ஃபோகஸ் ஆறு சென்டிமீட்டரில் இன்னும் அதிகமாகத் தவறும். பலரும் எஃப்/1.8 லென்ஸ் வாங்கிய முதல் வாரத்தில், லென்ஸ் பழுது என்று எண்ணித் திருப்பிக் கொடுக்கப் போவது இதனால்தான்.

ஆக, உண்மையில் வெளிச்சம் போதாமல் கெட்டது முதல் படம் ஒன்றுதான். அதையும் இருப்பதை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் சரிசெய்யலாம் என்று பாருங்கள். கிட் லென்ஸை 55 மி.மீ. வரை நீட்டினால் அதன் வாய் எஃப்/5.6க்கு மேல் திறக்காது. அதையே 24 மி.மீ. அளவுக்குச் சுருக்கி, நீங்கள் இரண்டடி முன்னால் போய்விட்டால் ஏறக்குறைய எஃப்/4 கிடைக்கும், அதாவது வெளிச்சம் இரு மடங்கு. ஐஎஸ்ஓவை 800 இலிருந்து 3200க்கு உயர்த்தினால் இன்னொரு நான்கு மடங்கு. இரண்டும் சேர்ந்து 1/15 நொடியை ஏறக்குறைய 1/120 ஆக்கிவிடும். உட்கார்ந்து பேசுகிற, சிரிக்கிற குழந்தைக்கு அது போதும். ஐஎஸ்ஓ 3200 என்றால் படத்தில் மணல்மணலாகத் தெரியுமே என்று தயங்காதீர்கள். மணல் தெரிந்தாலும் தெளிவாக இருக்கும் படத்தைப் பின்னால் திருத்திக்கொள்ளலாம், அசைவால் கலங்கிய முகத்தை எந்த மென்பொருளாலும் முழுதாக மீட்க முடியாது.

இத்தனையும் செய்த பிறகும் துள்ளி ஓடுகிற குழந்தைக்கு 1/250 நொடியாவது வேண்டியிருக்கும், அங்கேதான் கிட் லென்ஸ் கையை விரிக்கிறது. எஃப்/1.8 லென்ஸ், எஃப்/5.6 ஐக் காட்டிலும் ஏறக்குறைய பத்து மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது. உங்கள் அறையின் அதே வெளிச்சத்தில் எஃப்/2, ஐஎஸ்ஓ 1600 என்று வைத்தால் ஏறக்குறைய அந்த 1/250 கிடைத்துவிடும். ஆகவே நீங்கள் வாங்க வேண்டியது வாய் அகன்ற ஒரு பிரைம் (ஜூம் செய்யாத, ஒரே குவியத்தூரம் கொண்ட) லென்ஸ்தான். அதில் எனக்குச் சந்தேகமில்லை. என் தயக்கமெல்லாம் அந்த 50 என்ற எண்ணைப் பற்றியது.

50 மி.மீ. தான் மனிதக் கண்ணுக்கு நெருக்கமானது, புகழ்பெற்ற பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோனே பெரும்பாலும் அதைத்தான் வைத்திருந்தார் என்று உங்களுக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள். அவர் வைத்திருந்தது உண்மை. ஆனால் அவர் அதைப் பொருத்தியது 36×24 மி.மீ. சட்டம் கொண்ட ஃபிலிம் கேமராவில். உங்கள் டி5300 இன் சென்சார் அகலம் 23.5 மி.மீ. மட்டுமே என்பதால், அதில் 50 மி.மீ. லென்ஸ் 75 மி.மீ. லென்ஸின் பார்வையைத்தான் தரும். அவர் கண்ட அகலத்தை நீங்கள் காண வேண்டுமென்றால் 35 மி.மீ. வேண்டும். இதை வீட்டின் அளவில் சொல்வதானால், மூன்று மீட்டர் தள்ளி நின்றால் 50 மி.மீ. லென்ஸில் 1.4 மீட்டர் அகலமும் 35 மி.மீ. லென்ஸில் 2 மீட்டர் அகலமும் அடங்கும். முதுகு சுவரில் முட்டும் அறையில், இரண்டு குழந்தைகளும் அவர்களுக்கிடையே நடக்கும் சண்டையும் ஒரே படத்தில் வர வேண்டுமென்றால் அந்த அறுபது சென்டிமீட்டர் பெரிய விஷயம். முகத்தை மட்டும் நெருக்கமாக எடுப்பதுதான் உங்கள் விருப்பம் என்றால் 50 நல்லது. 35 ஐ வைத்துக்கொண்டு முகத்தருகே போனால் மூக்கு கொஞ்சம் பெரிதாகத் தெரியும்.

இரண்டில் எது என்பதை என் பேச்சை வைத்தும் முடிவு செய்ய வேண்டாம். உங்களிடம் இருக்கும் ஜூம் லென்ஸ் இரண்டு குவியத்தூரங்களையும் இலவசமாகவே காட்டுகிறது. ஒரு வாரம் அதை 35 இல் வைத்து, வளையம் நகராதபடி ஒட்டும் நாடாவைச் சுற்றிவிட்டு வேலை செய்யுங்கள். அடுத்த வாரம் 50 இல். எந்த வாரத்தில் அடிக்கடி பின்னால் போய்ச் சுவரில் இடித்துக்கொண்டீர்கள், எந்த வாரத்தில் எடுத்த படங்களை ஓரம் வெட்ட வேண்டியிருந்தது என்பது தானாகத் தெரிந்துவிடும். கூடவே இந்த ஆறு மாதப் படங்களையும் ஒருமுறை கணக்கெடுங்கள். நிக்கானின் இலவச மென்பொருளான என்எக்ஸ் ஸ்டுடியோவில் திறந்தால் ஒவ்வொரு படத்தின் குவியத்தூரமும் தெரியும். உங்களுக்குப் பிடித்த ஐம்பது படங்களை மட்டும் தேர்ந்தெடுத்து, எது எந்த எண்ணில் எடுத்தது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டே போனால், வாங்க வேண்டிய லென்ஸைப் பாதி அந்தத் தாளே சொல்லிவிடும்.

வாங்கும்போது ஒரு பொறியைப் பற்றி எச்சரிக்க வேண்டும். உங்கள் கேமராவின் உடலுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. பழைய சந்தையில் மலிவாகக் கிடைக்கும் 50 மி.மீ. எஃப்/1.8 டி லென்ஸ் நல்ல லென்ஸ்தான், ஆனால் அதற்குள்ளும் மோட்டார் இல்லை. ஆகவே உங்கள் கேமராவில் அது பொருந்தும், படமும் எடுக்கும், தானாக ஃபோகஸ் மட்டும் செய்யாது. ஓடும் குழந்தைகளை எடுக்க அது உதவாது. லென்ஸின் பெயரில் ஏஎஃப்-எஸ் என்ற எழுத்துகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். 2009 இல் வந்த ஏஎஃப்-எஸ் டிஎக்ஸ் 35 மி.மீ. எஃப்/1.8 ஜி, 2011 இல் வந்த ஏஎஃப்-எஸ் 50 மி.மீ. எஃப்/1.8 ஜி ஆகிய இரண்டிலும் மோட்டார் உள்ளேயே இருக்கிறது. இரண்டும் 200 கிராமுக்கு மேல் இல்லை. மிரர்லெஸ்ஸுக்கு மாறுகிறவர்கள் இவற்றை விற்றுக்கொண்டிருப்பதால் பழையதாக வாங்குவதற்கு இது நல்ல காலம்.

பழையதை வாங்கும்போது கையில் ஒரு டார்ச் எடுத்துச் செல்லுங்கள். இதை அனுபவத்தில் சொல்கிறேன். வெகுநாட்களுக்கு முன் நான் வாங்கிய, தொலைவில் இருப்பதை நெருக்கிக் காட்டும் டெலி லென்ஸ் ஒன்று கடையின் வெளிச்சத்தில் பளபளவென்றிருந்தது; வீட்டுக்கு வந்து பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்தபோது, உள் கண்ணாடி ஒன்றின் ஓரத்தில் சிலந்தி வலை போலப் பூஞ்சை படர்ந்திருந்தது. விற்றவர் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. தூசி இரண்டு துகள் இருப்பது பிரச்சினை இல்லை, பூஞ்சை பிரச்சினை. முன் கண்ணாடியில் மெல்லிய கீறல் ஒன்று இருந்தால் பெரும்பாலும் படத்தில் தெரியாது, பின் கண்ணாடியில் இருந்தால் தெரிய வாய்ப்பு அதிகம். மேலே சொன்ன ஜி வகை லென்ஸின் பின்புறத்தில் ஒரு சிறு நெம்புகோல் நீட்டிக்கொண்டிருக்கும். அதை விரலால் மெதுவாகத் தள்ளினால் உள்ளே இருக்கும் இதழ்கள் திறக்கும், விரலை எடுத்ததும் சட்டென்று மூடிக்கொள்ள வேண்டும். சோம்பலாக மூடினால் இதழ்களில் எண்ணெய் கசிந்திருக்கிறது. கடைசியாக, உங்கள் கேமராவில் பொருத்தி, செங்கல் சுவர் போன்ற தட்டையான பரப்பை நேராக நின்று எஃப்/4 இல் எடுத்து நான்கு மூலைகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்று மூலைகள் தெளிவாக இருந்து ஒன்று மட்டும் கலங்கியிருந்தால், லென்ஸ் எப்போதோ கீழே விழுந்திருக்கலாம். உள்ளே கண்ணாடி இடம் பிசகியிருக்கிறது.

பறவைகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பதினைந்து சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு சிட்டுக்குருவி பத்து மீட்டர் தொலைவில் உட்கார்ந்திருந்தால், 55 மி.மீ. லென்ஸில் அது சட்டத்தின் அகலத்தில் 28 இல் ஒரு பங்குதான் இருக்கும், 300 மி.மீ. லென்ஸில் ஐந்தில் ஒரு பங்கு. எனவே டெலி லென்ஸ் இல்லாமல் அந்த ஆசை நிறைவேறாது என்பது உண்மை. ஆனால் டெலி இருந்தும் பறவையிடம் ஐந்து மீட்டருக்குள் நெருங்கத் தெரிந்தவருக்குத்தான் படம் கிடைக்கும் என்பதும் உண்மை. இப்போதைக்குக் கேமரா இல்லாமலே போய், எந்தக் கிளைக்கு எந்த நேரத்தில் எது வருகிறது என்று பழகி வையுங்கள். அடுத்த சேமிப்புக்கு அது காத்திருக்கட்டும்.

18-200 வேண்டாம். பயணத்தில் லென்ஸ் மாற்றச் சோம்பல்படுகிறவர்களுக்கு அது வசதியானது, குறை சொல்லமாட்டேன்; ஆனால் உங்கள் மாலை நேர அறையில் அதுவும் எஃப்/3.5 முதல் எஃப்/5.6 வரைதான் திறக்கும். இருக்கும் சிக்கல் அப்படியே இருக்கும்.

நண்பரின் யோசனையை நான் ஒதுக்குவதற்குக் காரணம் ஃபுல் ஃபிரேம் மோசம் என்பதல்ல. சென்சார் பெரிதாக இருந்தால் இருட்டில் படம் ஓரளவு சுத்தமாக வரும்; கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஃபோகஸ் இப்போதைய மிரர்லெஸ் கேமராக்களில் அருமையாக வேலை செய்கிறது; மூன்றாவது படத்தின் குறையே அதில் வந்திருக்காது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் கேமராவை வாங்கிவிட்டு லென்ஸுக்குக் காசில்லாமல், அதனோடு வரும் வாய் குறுகிய ஜூமிலேயே நின்றுவிட்டால், நீங்கள் செலவழித்ததில் பெரும்பகுதி அந்த ஜூமை ஈடுகட்டவே போய்விடும். நாளை நிக்கானின் இசட் வகை மிரர்லெஸ்ஸுக்கே மாறினாலும் இந்த ஏஎஃப்-எஸ் லென்ஸ்கள், அவற்றை அந்தக் கேமராவில் பொருத்த உதவும் எஃப்டிஇசட் அடாப்டர் வழியாக அதில் தானியங்கி ஃபோகஸோடு இயங்கும் என்பதால், இப்போது வாங்கும் லென்ஸ் வீணாகாது. 24 மெகாபிக்சல் கொண்ட உங்கள் கேமராவுக்கு என்ன குறை என்று இன்னும் இரண்டு ஆண்டுகளுக்கு நீங்களே கண்டுபிடிக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

கற்றுக்கொள்வது பற்றி. கேமராவின் சுழல் குமிழை ஏ என்ற எழுத்தில் வைத்து அபெர்ச்சரை மட்டும் நீங்கள் தேர்ந்தெடுங்கள். ஐஎஸ்ஓவைத் தானியங்கியில் விட்டு, உச்ச வரம்பு 3200 என்றும் குறைந்தபட்ச ஷட்டர் வேகம் 1/125 என்றும் மெனுவில் பதிந்துவிடுங்கள். எல்லாவற்றையும் கையால் வைத்து எடுப்பவர்தான் உண்மையான புகைப்படக்காரர் என்ற பேச்சு தொடக்கக்காரர்களை வீணாக அலைக்கழிக்கிறது. நானே பாதி வேலையை ஏ அமைப்பில்தான் செய்கிறேன். நீங்கள் உடனே கற்க வேண்டியது எக்ஸ்போஷர் ஈடு என்னும் கூட்டல் கழித்தல் பொத்தான். கேமராவின் ஒளிமானி தான் காணும் எதையும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். வெள்ளைச் சுவர் முன் வெள்ளைச் சட்டை அணிந்த குழந்தையை எடுத்தால் இரண்டும் அழுக்கேறியது போல வரும். ஒரு படி கூட்டினால் வெளுத்துவிடும். இருண்ட திரைச்சீலைக்கு முன் என்றால் ஒரு படி குறைக்க வேண்டும். படம் எடுத்தவுடன் திரையில் ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். மலை போன்ற அந்த வரைபடம் வலது ஓரத்தில் முட்டி நின்றால் வெண்மையில் விவரம் போய்விட்டது.

படங்களை ரா கோப்பாகவும் (சென்சார் பதிந்ததைக் கேமரா திருத்தாமல் வைக்கும் கோப்பு) சேமியுங்கள். ஜேபெக் கோப்பு ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 படிநிலைகளை மட்டுமே வைத்துக்கொள்கிறது. உங்கள் கேமராவின் 14 பிட் ரா கோப்பு 16,384 படிநிலைகளை வைத்துக்கொள்கிறது. இருண்டுபோன முகத்தைப் பின்னால் வெளிச்சமாக்கும்போது இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். அதற்கு மாதச் சந்தா கட்டத் தேவையில்லை. ரா கோப்பைத் திருத்தும் மென்பொருள்களான டார்க்டேபிள், ராதெரபீ இரண்டும் இலவசம், இரண்டும் முதல் வாரத்தில் மிரட்டும், பிறகு பழகிவிடும்.

ஆனால் அமைப்புகளைவிட ஒளியைப் பார்க்கக் கற்பதுதான் அதிக நாள் பிடிக்கும். அதற்கு நான் மாணவர்களுக்குக் கொடுக்கும் பயிற்சி ஒரு முட்டையும் ஒரு ஜன்னலும் மட்டுமே. வெள்ளைத் தாளின் மேல் முட்டையை வைத்து, ஜன்னலுக்குப் பக்கவாட்டில், ஜன்னலுக்கு எதிரே, ஜன்னலுக்கு முதுகு காட்டி என்று நீங்கள் சுற்றிச் சுற்றி எடுங்கள். பிறகு முட்டையை ஜன்னலிலிருந்து இரண்டு மீட்டர் உள்ளே தள்ளி வைத்து மறுபடியும் எடுங்கள். ஜன்னலருகே நிழலின் விளிம்பு பஞ்சு போலவும், உள்ளே போகப் போக அது வரைந்த கோடு போலவும் மாறுவதைக் காண்பீர்கள். ஜன்னலில் நேர் வெயில் விழும்போது மெல்லிய வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டால் கூர்மையான நிழலும் பஞ்சாகும். வட்டமான பொருளின் மேல் ஒளி எப்படி வழிகிறது என்று தெரிந்தவருக்கு முகம் புதிதல்ல. இதைச் செய்தவர்கள், குழந்தையை அறையின் நடுவிளக்குக்குக் கீழேயே எடுத்துக்கொண்டிருக்காமல், விளக்கையோ குழந்தையையோ நகர்த்தத் தொடங்கிவிடுவார்கள். இரவில் அதுவும் போதாதென்றால், தலையைத் திருப்பக்கூடிய பழைய ஃபிளாஷ் ஒன்றை வாங்கி அதை வெள்ளைக் கூரையை நோக்கி அடியுங்கள். என் கணக்கில் பிரைம் லென்ஸுக்கு அடுத்து வாங்க வேண்டியது அதுதான், 70-300 அதற்குப் பிறகு.

கட்டண வகுப்பைப் பொறுத்தவரை, சேரும் முன் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: ஒவ்வொரு வாரமும் என் படங்களைப் பார்த்துக் குறை சொல்வீர்களா? ஆம் என்றால் சேரலாம், பணம் வீணாகாது. பாடம் மட்டும் நடத்துவோம் என்றால் வேண்டாம். அந்தப் பாடத்தில் பெரும்பகுதி கேமராவின் கையேட்டிலேயே இருக்கிறது, அதைப் படித்தவர்கள் குறைவு என்பதால்தான் அந்த வகுப்புகள் நடக்கின்றன.

ஐம்பது படங்களின் கணக்கை எடுத்து முடித்ததும் அந்த எண்களை எனக்கு எழுதி அனுப்புங்கள். பெரும்பாலானவை 30க்கும் 40க்கும் இடையில் விழும் என்று எதிர்பார்க்கிறேன்; அப்படி விழுந்தால் 35 மி.மீ. லென்ஸைத் தயங்காமல் வாங்கலாம். பாதிக்கு மேல் 18 முதல் 24க்குள் இருந்தால் மட்டும் அவசரப்பட வேண்டாம். உங்கள் கேமராவுக்கு அந்த அகலத்தில் வாய் அகன்ற பிரைம் லென்ஸ்கள் விலை கூடியவை என்பதால், ஃபிளாஷை முதலில் வாங்குவது பற்றித்தான் அப்போது நாம் பேச வேண்டியிருக்கும்.